எண்பத்தெட்டாம் பக்கத்துப் பூனைகள்

அத்தியாயம் 6

'கீழத்தெருவில் ஒருத்தி குறைகிறாள்' என்ற அந்தப் பாக்கெட் நாவல் தொண்ணூற்றாறாம் பக்கத்தோடு முடிந்துவிட்டது. பின் அட்டையின் உள்பக்கத்தில் பொன்னமராவதி வாசகர்கள் மட்டும் இன்னும் முடிக்கவில்லை.

ஜெரால்டு உரக்கப் படித்தான்.

"'முடிவு அபாரம். கண் கலங்கிவிட்டது.' இது நீல மை. கீழே பச்சை மை. 'எனக்கும் கலங்கியது, வீணாய்ப் போன இரண்டு மணி நேரத்தை நினைத்து.' அடுத்து சிவப்பு. 'புருஷன் பாவம். ஓடிப்போனவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்.' அதுக்குப் பதில், 'அவனோடு ஒரு வாரம் குடும்பம் நடத்திப் பார்த்துவிட்டு எழுதவும்.' அதுக்கும் கீழே, 'புத்தகத்தில் கிறுக்காதீர்கள். இப்படிக்கு நூல் நிலையம்.' அதுக்கும் பதில் இருக்கு மேடம். 'நீங்கள் மட்டும் கிறுக்கலாமா?'"

"அது யாருன்னு தெரிஞ்சா கார்டைப் புடுங்கிருவேன்" என்றார் பிச்சைமுத்து.

வளர்மதி வாடகை நூல் நிலையத்தின் முதலாளி, நூலகர், கூட்டுகிறவர் எல்லாம் அவர்தான். பேருந்து நிலையத்துக்குப் பின் சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஒரு பக்கம் ஜெராக்ஸ் மெஷின், மூன்று பக்கம் நாவல்கள்.

"சண்டை நல்லா இருக்கு. எழுபத்தொண்ணாம் பக்கத்தை எடு" என்றார் பிரகதாம்பாள்.

பிரகதாம்பாளுக்கு வயது ஐம்பத்து மூன்று. மகளிர் காவல் நிலையத்தில் பதினெட்டு வருஷம் ரைட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். இப்போது புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் துப்பறியும் அலுவலகம். மாலைப் பத்திரிகை ஒன்றில் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஜெரால்டு நாலு வருஷமாக அவருக்கு உதவியாளன். வாய் மட்டும் இன்னும் பத்திரிகையில் வேலை பார்க்கிறது.

எழுபத்தொன்றாம் பக்கத்தில் கதாநாயகியின் தங்கை, காணாமல் போன அக்காவைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று சபதம் செய்கிறாள். அந்தப் பத்தியைச் சுற்றி எல்லா மையிலும் பாராட்டு. 'தங்கை என்றால் இவள்தான்.' 'எனக்கு இப்படி ஒரு தங்கை இல்லையே.' நடுவே, மெல்லிய பென்சிலில், ஒரே ஒரு வரி.

'இவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.'

அந்த வரிதான் நேற்று சுடர்விழியைக் கீழ ராஜ வீதி மாடிப்படி ஏற வைத்தது.

சுடர்விழி தனியார் பள்ளி ஆசிரியை. அவளுடைய அக்கா மோகனப்ரியா ஏழு வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை வீட்டைவிட்டுப் போனவள், திரும்பவில்லை. கூட வேலை பார்க்கும் டீச்சர், "உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கு, படிங்க" என்று இந்த நாவலைக் கொடுத்திருக்கிறாள். படித்துக்கொண்டே போன சுடர்விழி எண்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

பக்க எண்ணின் இரண்டு எட்டுகளும் பூனைகளாகியிருந்தன. தலைக்கு இரண்டு காது. பக்கத்துக்கு மூன்று மீசை.

வாடகை நூல் நிலையத்தில் புத்தகம் எடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படித்ததையே மறுபடி எடுத்து ஏமாறாமல் இருக்க, தங்களுக்கென்று ஒரு பக்கத்தில் தங்கள் அடையாளத்தை வைத்துவிடுவார்கள். ஒருவர் பன்னிரண்டாம் பக்கத்தில் புள்ளி வைப்பார். இன்னொருவர் முப்பதாம் பக்கத்து எண்ணை வட்டமிடுவார். மோகனப்ரியாவின் அடையாளம் எண்பத்தெட்டில் பூனை. பழைய நாவல்களில் எல்லாம் அந்தப் பூனைகள் இருந்தன.

இந்த நாவல் வெளியாகி மூன்றே மாதம்தான் ஆகிறது.

"என் அக்கா உயிரோட இருக்குங்க" என்றாள் சுடர்விழி நேற்று. "இந்தப் புத்தகம் அது கையில இருந்திருக்கு. அதை யாரோ அடைச்சு வச்சிருக்காங்க. என்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எழுதி மிரட்டுறாங்க. எங்க இருக்குன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லலை. நிச்சயமாகாம சொன்னா தாங்காது."

ஆகவே இன்று காலை பத்து மணிக்கு, வளர்மதி நூல் நிலையம்.

"கடைசிப் பக்கத்துல ஒட்டியிருக்கிற தாளைப் பாருங்க" என்றார் பிரகதாம்பாள். "எட்டு முத்திரை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கார்டு நம்பர். எட்டுப் பேர் எடுத்திருக்காங்க. உள்ள எத்தனை கையெழுத்து?"

ஜெரால்டு எண்ணினான். "முதலாளி உபதேசத்தைக் கழிச்சா எட்டு."

"பிச்சைமுத்து அண்ணே, உங்க மெம்பருங்க கையெழுத்து உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷமா அழிச்சுக்கிட்டு இருக்கேன், தெரியாமயா?" அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பச்சை மை நூத்திப் பன்னெண்டு, ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். எந்தக் கதையும் அவருக்குப் பிடிக்காது, ஆனா வாரம் நாலு எடுப்பாரு. செவப்பு, அரிசி மண்டி முத்துராமன். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயி ஆறு மாசமாச்சு. ஒரு வாரம் குடும்பம் நடத்திப் பாருன்னு எழுதுனது எம்பத்தேழு, செபமாலை டீச்சரு…"

வரிசையாக ஏழு பேரைச் சொல்லி முடித்துப் பென்சில் வரியில் வந்து நின்றார்.

"இது தெரியலைங்க."

"சரி. ஏழு கையெழுத்துக்கு ஏழு முத்திரை போயிருச்சு. மிச்சம் ஒரு பென்சில். மிச்சம் ஒரு முத்திரை" என்றார் பிரகதாம்பாள். "அது யாரு, நாற்பது?"

பிச்சைமுத்து கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"நாப்பது மோகனா புள்ளையோட பழைய கார்டு."

ஜெரால்டு நிமிர்ந்தான்.

"அது போனதுக்கப்புறம் அவுக ஆத்தா செவந்திதான் அந்தக் கார்டுல எடுக்குறாக. ரெண்டு ரெண்டா. மக ஞாபகத்துக்கு வச்சுக்குறேன்னு சொல்லும். நான் எப்படிங்க மாட்டேங்குறது?"

"அந்தம்மா எந்த மாதிரி கதை படிப்பாங்க?"

"எங்கிட்டுப் படிக்கிறது? கைநாட்டுங்க அது."



"மேடம், எழுதத் தெரியாதவங்க கார்டுல எழுத்து வந்திருக்கு" என்றான் ஜெரால்டு. "வீட்டுல பூனை வளர்க்கிறாங்களான்னு முதல்ல விசாரிப்போம்."

பிரகதாம்பாள் சிரிக்கவில்லை. நாற்பதாம் எண்ணுக்கு எதிரே இருந்த இரண்டு தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க எல்லாம் ரெண்டு நாள், மூணு நாள்ல திருப்பியிருக்காங்க. நாற்பது மட்டும் இருபத்தொன்பது நாள் வச்சிருந்திருக்கு. அண்ணே, அந்தம்மா எடுத்த வேற புத்தகம் ஒண்ணு ரெண்டு காட்டுங்க."

நாலு புத்தகம் வந்தன. மூன்றில் நாற்பதுக்கு இருபத்தொன்பது நாள். ஒன்றில் மட்டும் முப்பது.

பிரகதாம்பாள் எழுந்து சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிடம் போனார். கிழிக்காமல் மடக்கி வைத்திருந்த பழைய தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் விரலை வைத்தார். இன்னும் நிறையத் தாள் தள்ளி மறுபடி வைத்தார்.

"ஜெரால்டு, கிருத்திகை எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்?"

"எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைதான் வரும் மேடம்."

"இருபத்தேழு நாளைக்கு ஒரு தடவை. கிருத்திகைக்கு முந்தின நாள் ரெண்டு புத்தகம் எடுக்கிறாங்க. அடுத்த கிருத்திகைக்கு மறுநாள் திருப்பிக் குடுக்கிறாங்க. அண்ணே, செவந்தியம்மா கிருத்திகைக்கு எங்கயாவது போவாங்களா?"

"விராலிமலைக்கு. மக கெடைக்கணும்னு வேண்டுதலு. ஏழு வருஷமா ஒரு மாசம் விட்டதில்ல. ஊரே கண்ணீர் விடும்."

"போகும்போது மஞ்சப்பையில ரெண்டு நாவல். வரும்போது வேற ரெண்டு நாவல்" என்றான் ஜெரால்டு மெதுவாக. "முருகன் இவ்வளவு வேகமாப் படிப்பாருன்னு எனக்குத் தெரியாது."

காலண்டரில் இன்றைய தாளைத் தூக்கினார் பிரகதாம்பாள். நாளைய தாளில் சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது: கிருத்திகை.

"அப்ப இன்னிக்கு வருவாங்க" என்று நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதினொன்றே காலுக்குச் செவந்தி வந்தார். மெலிந்த உருவம். கையில் மஞ்சள் பை.

"அண்ணே, வெரசாக் குடுங்க. மாவு வாங்கிட்டுப் போகணும். சின்னவ காலையில இட்லி ஊத்தித் தருவா. ரெண்டு போதும். பேய்க்கதை வேண்டாம். போன தடவை குடுத்தது ராத்திரியில ஒரே பயமாப் போச்சு."

"யாருக்கும்மா பயமாப் போச்சு?" என்று கேட்டார் பிரகதாம்பாள்.

செவந்தி திரும்பிப் பார்த்தார். மேசைமேல் எண்பத்தெட்டாம் பக்கம் விரித்து வைத்திருந்தது. எழுத்துத் தெரியாது. பூனை தெரிந்தது. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"போலீசா?"

"இல்லம்மா. உங்க சின்ன மக அனுப்பின ஆள்."

"அதுக்குப் போலீசே தேவலை" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பிச்சைமுத்து ஷட்டரைப் பாதி இறக்கினார். ஜெரால்டு சொம்பில் தண்ணீர் கொடுத்தான். அவர் குடிக்கவில்லை. சொம்பை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"பெரியவ மொத தடவை போனது திருப்பூருக்குங்க. ஏதோ லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு, தங்கச்சிக்கு மட்டும் போன் போட்டு, யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருக்கு. இவ ரெண்டே நாள்ல மாப்பிள்ளைகிட்ட சொல்லிப்புட்டா. அவரு கண்ணுல தண்ணி விட்டாராம். போயிக் கூட்டியாந்துட்டாக. ரெண்டாவது தடவை திண்டுக்கல்லு. அப்பவும் தங்கச்சிக்குத்தான் போன் போட்டுச்சு, கிறுக்கி. அப்பவும் இவ சொல்லிட்டா. சேத்து வச்சுட்டேம்மான்னு வீட்டுக்கு வந்து என் வாயில ஸ்வீட்டு ஊட்டுனா."

"அப்புறம்?"

"பத்து நா கழிச்சுப் போயிப் பாத்தா எடது கையில மாவுக்கட்டு. கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்னுச்சு. நான் ஒண்ணும் கேக்கல. மூணாவது தடவை தங்கச்சிக்குப் போன் போடல. நானே பஸ் ஏத்திவிட்டேன்."

பிரகதாம்பாள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எங்கன்னு கேக்காதீக. கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"கேட்கமாட்டேன்மா. எனக்குத் தெரியலேன்னா என்கிட்ட இருந்து யாரும் வாங்க முடியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சின்ன மக ஏழு வருஷமா அழுகிறாங்களே, அவங்க அக்காவுக்குக் கெடுதல் நினைக்கிறவங்களா?"

"சத்தியமா இல்லங்க. அவ நல்லவ. ரொம்ப நல்லவ. எவனாச்சும் அவ முன்னால கண்ணுல தண்ணி விட்டா தாங்கமாட்டா." செவந்தி சொம்பைக் கீழே வைத்தார். "பக்கத்துல படுத்துக்கிட்டுத்தான் அழுகுறா. தூங்குற மாதிரி படுத்திருப்பேன்."

பிரகதாம்பாளின் செல்போன் ஒலித்தது. சுடர்விழி. பின்னணியில் மதிய இடைவேளைக் கூச்சல்.

"மேடம், ஏதாவது தெரிஞ்சுதா? நான் நாலரைக்கு வந்துருவேன். அத்தானும் அஞ்சரைக்குக் கடையைச் சாத்திட்டு வாராரு."

"அத்தானா? யாருக்கும் சொல்லலேன்னீங்களே?"

"அத்தான்கிட்ட எப்படி மேடம் மறைக்கிறது? ஏழு வருஷமா வேற கல்யாணம் பண்ணாம, வருஷா வருஷம் போஸ்டர் அடிச்சு ஒட்டுறாரு. பூனைப் பக்கத்தை மட்டும் முன்னாடியே போட்டோ எடுத்து வச்சிருந்தேன், காலையில வாட்ஸ்அப்ல அனுப்புனேன். அழுதுட்டாரு மேடம். எழுபத்தொண்ணாம் பக்கத்தை அனுப்பலை, மனசு கஷ்டப்படும்னு. யாரு எடுத்தாங்கன்னு அந்தக் கடையில லிஸ்ட் கேப்போம்னாரு."

"வாங்க" என்று பிரகதாம்பாள் போனை வைத்தார்.

செவந்திக்குக் கேட்டுவிட்டது. போனிலிருந்து கசிந்த குரலில் 'அத்தான்' ஒன்று போதுமாக இருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"மூணாவது தடவையும் சொல்லிப்புட்டா" என்றார்.

பிரகதாம்பாள் இரண்டு நாவலைத் தானே எடுத்து மஞ்சள் பையில் போட்டார். "நாளைக்கு வழக்கம்போல போங்க. சாயங்காலத்துக்குள்ள இந்தப் பூனையை இல்லாமப் பண்ணிடுறேன். சின்னவங்களுக்கு எதுவும் தெரியாது. வீட்டுல எப்பவும்போல இருங்க."

செவந்தி போனதும் ஜெரால்டு கேட்டான். "பக்கத்தைக் கிழிச்சிரலாமா மேடம்?"

"போட்டோ அவன் கையில இருக்கு. கிழிச்சா அதுதான் நிஜம்னு நாமே சொன்ன மாதிரி." அவர் அலமாரிகளைப் பார்த்தார், மேலிருந்து கீழாக. "ஜெரால்டு, பள்ளிக்கூடத்துல டிராயிங்ல எத்தனை மார்க் வாங்கின?"

"வாங்கலை மேடம். குடுத்தாங்க."

"பென்சிலை எடு."

நாலரைக்குச் சுடர்விழி ஓடி வந்தாள். காட்டன் சேலை, பள்ளி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. முகத்தில் ஏழு வருஷத்துக்குப் பிறகு ஏற்றிய விளக்கு.

அதை அணைக்கிற வேலையைப் பிரகதாம்பாள் அவசரப்படாமல் செய்தார். அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்து எண்பத்தெட்டாம் பக்கத்தைப் பிரித்து வைத்தார். பூனைகள். இன்னொன்று. பூனைகள். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கிய கட்டு, எவருமே எடுக்காத புதுப் புத்தகங்கள். அதிலும் பூனைகள்.

"தொண்ணூத்தி நாலு புத்தகத்துல இருக்கு" என்றார். "உங்க அக்கா போட்டதைப் பார்த்து அண்ணன் அதையே கடையோட அடையாளமா வச்சுக்கிட்டாரு. புத்தகம் திருடு போனா கண்டுபிடிக்க."

பிச்சைமுத்து தலையை ஆட்டினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்.

சுடர்விழி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு புத்தகத்தை மடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. பிறகு தன் பைக்குள்ளிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, நோட்டுத் திருத்துகிற கை நின்று நின்று போவதுபோல, அதன் நுனியால் கோடுகளை எண்ணினாள்.

"அக்கா மூணு மீசைதான் போடும் மேடம்."

ஜெரால்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இதுல நாலு. இதுலயும் நாலு. இந்த ஒண்ணுல மட்டும் மூணு." 'கீழத்தெருவில் ஒருத்தி குறைகிறாள்' அவள் கையில் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது. "இங்க ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு. நாற்பதுன்னு பார்த்தேன். அக்கா கார்டு. அம்மா சும்மா ஆசைக்கு எடுத்துட்டு வந்து வச்சிருக்கும்னு நான்தான் அதைக் கண்டுக்கலை."

பேச்சு அங்கே நின்றது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது. அம்மா என்று தானே சொன்னதை அவளே மறுபடி கேட்பதுபோல.

"அம்மாவா?" என்றாள்.

பிச்சைமுத்து மேசைமேலிருந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார்.

"பக்கத்துலதானே படுத்திருக்கும். ஒரே பாய். நான் அழுதா ஏன்டின்னு ஒரு வார்த்தை கேக்காது. தூங்கிடுச்சுன்னு நினைச்சுக்குவேன்." அவள் பிரகதாம்பாளைப் பார்த்தாள். "நீங்க எனக்கு வேலை பார்க்க வந்தவங்கதானே மேடம்?"

"காலையில அப்படித்தான் வந்தேன்."

"அப்ப நீங்களும் முடிவு பண்ணிட்டீங்க. இவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்னு." புத்தகத்தை மூடினாள். "மிரட்டுறாங்கன்னு நினைச்சேன். அது அக்கா எழுதுனதுதானா? அப்படி என்ன மேடம் நான் பண்ணேன்? ரெண்டு தடவையும் அதை வீட்டுல சேத்துத்தானே வச்சேன்? அத்தான் அதுமேல உயிரையே…"

"ஒரே ஒரு கேள்வி" என்றார் பிரகதாம்பாள். "உங்க அத்தான் வீட்டுல கிணறு எந்தப் பக்கம்?"

"அங்க ஏது கிணறு? போர்வெல்தான். எதுக்குக் கேக்…"

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லாமல் போனது. ஏழு வருஷத்துக்கு முன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய், மாவுக்கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொடுத்து, 'கெணத்தடியில பாத்து நடக்கக் கூடாதாக்கா' என்று கேட்டவள் அவள்தான். அக்கா அன்றைக்கு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். இவள் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

சுடர்விழி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையைத் துழாவி ஒரு ரப்பரை எடுத்தாள். பிளேடு கேட்டு வாங்கி அதை நாலாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள்.

"அத்தானுக்கும் தெரியும், மூணுதான்னு. கீழ் மீசையை அழிங்க. அழுத்தாதீங்க, இந்தத் தாள் கிழிஞ்சிரும்" என்றாள். பிறகு ஜெரால்டிடம், "சார், உங்க பூனைக்குக் காது நாய் மாதிரி இருக்கு. பரவாயில்ல, விடுங்க."

"நன்றி டீச்சர்" என்றான் அவன்.

தொண்ணூற்று மூன்று புத்தகம். முக்கால் மணி நேரம். நாலு பேரும் தலையைத் தூக்கவில்லை.

கடைசியாக அவள் தன் கையிலிருந்த நாவலின் எழுபத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தாள். ஏழு வருஷத்தில் அக்காவிடமிருந்து வந்த ஒரே வரி. இரண்டு தடவை படித்தாள். பிறகு ஓரத்திலிருந்து, ஒவ்வொரு எழுத்தாக, அழித்தாள்.

ஐந்தரைக்குக் கார் வந்து நின்றது. அருண்குமார் செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். எல்லோருக்கும் கைகூப்பினான். ஹார்டுவேர் கடைக்காரன். பணிவான குரல்.

"என்ன சுடரு, தெரிஞ்சுதா?"

"ஏமாந்துட்டோம் அத்தான்" என்றாள் சுடர்விழி. "எல்லாத்துலயும் இருக்கு. கடைக்காரவுக போட்டது."

அவன் ஒரு நாவலை எடுத்தான். நகத்தை வைத்து எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. புதுக்கட்டிலிருந்து ஒன்றை உருவினான். ஒன்று, இரண்டு, மூன்று. பிச்சைமுத்துவைப் பார்த்தான்.

"அவ போடுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து நம்ம மெம்பருங்க. எத்தனை அழிச்சிருப்பேன்" என்றார் பிச்சைமுத்து. இது மட்டும் உண்மை என்பதால் நன்றாக வந்தது.

"அந்த நாவலைக் குடு சுடரு."

அவள் கொடுத்தாள். அவன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். எழுபதைத் தாண்டினான். எழுபத்தொன்றில் நிதானித்தான்.

"என்ன இப்படி எழுதியிருக்காங்க?"

சுடர்விழியின் விரல்கள் முந்தானையை இறுக்கின.

"'தங்கை என்றால் இவள்தான்'" என்று அவன் வாசித்தான். "சரியாத்தான் எழுதியிருக்கான்." புத்தகத்தை மூடி வைத்தான். கண்ணில் நீர் திரண்டது. "ஒரு நிமிஷம் நெசமாவே அவ வந்துட்டான்னு நினைச்சேன் சுடரு."

அந்தக் கண்ணீர் அவளுக்குத் தெரிந்ததுதான். இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அது எப்படி வருகிறது என்று கவனித்துப் பார்த்தாள்.

"இனிமே தேட வேண்டாம் அத்தான். அது இல்ல" என்றாள்.

கார் போன சத்தம் அடங்கும்வரை எவரும் அசையவில்லை.

பிறகு சுடர்விழி மேசைமேல் கிடந்த ரப்பர் துகள்களை உள்ளங்கையால் கூட்டி அள்ளினாள். எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"அம்மா நாளைக்கு விரதம். தண்ணியைத் தவிர எதுவும் தொடாது. ஆனா பத்து இட்லி கட்டச் சொல்லும். கோயில்ல பசிச்சவங்களுக்குன்னு சொல்லும். நானும் பொடி தடவி, நல்லெண்ணெய் ஊத்தி, வாழை இலையில கட்டித் தருவேன். ஏழு வருஷமா."

கையிலிருந்த துகள்களைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னாள்.

"அக்காவுக்கு நல்லெண்ணெய் வாசமே ஆகாது மேடம். குமட்டும்."

துகள்களைப் போட ஜெரால்டு ஒரு பழைய தாளை அவளிடம் நீட்டினான்.

"எண்ணெய் ஊத்தாமக் கட்டுனா அம்மாவுக்குத் தெரிஞ்சிரும், எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. பயந்துக்கிட்டுப் போறதையே நிறுத்திரும்." அவள் கையை மூடிக்கொண்டாள். "நாளைக்கும் ஊத்தித்தான் கட்டணும், இல்ல மேடம்?"

"ஆமாம்மா" என்றார் பிரகதாம்பாள். "ஊத்தித்தான் கட்டணும்."